கடைசி பெஞ்சிலிருந்து கொஞ்சம் சரித்திரம்

நான்காம் சனிக்கிழமை என்றால் வங்கிக்காரனுக்கு லீவு. 2015 செப்டம்பரில் இருந்து இரண்டாம் சனி, நான்காம் சனி இரண்டும் விடுமுறை என்று ஆனது. இரண்டாம் சனிக்கு நான் ஊருக்கு ஓடிவிடுவேன். ஊர் என்றால் தென்காசிப் பக்கம். மனைவியும் மகளும் அங்கேதான். நான்காம் சனி அப்படி இல்லை. மாதத்துக்கு இரண்டு தடவை அவ்வளவு தூரம் போய்வர உடம்பும் ஒத்துழைக்காது, பர்ஸும் ஒத்துழைக்காது. ஆரம்பத்தில் அந்த நாளைத் துணி துவைத்தும் தூங்கியும் கழித்தேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறேன்.

ஆமாம், பள்ளிக்கூடம்தான். எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். நாற்பத்தாறு வயதில், முட்டி இடிக்க இடிக்க உட்கார்ந்து சமூக அறிவியல் பாடம் கவனிக்கிறேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாத்தியார் ஆக ஆசை, அதுவும் சரித்திர வாத்தியார். அப்பா, "பி.காம் படி, பேங்க் பரீட்சை எழுது" என்றார். எழுதினேன், கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் ஓடிப்போச்சு. இருபது வருஷம் முடிந்தால் பென்ஷனோடு விருப்ப ஓய்வு வாங்கலாம் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். வாங்கிக்கொண்டு பி.எட். படித்து ஏதாவது ஒரு பள்ளியில் நின்றால் என்ன என்று ஒரு யோசனை. ஆனால் நமக்கு அது வருமா வராதா? கடன் கேட்டு வருகிறவரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற நான் என்னையும் ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டாமா?

சித்தூரில் இருந்தபோது நகைக்கடன் புதுப்பிக்க வருகிற ஒரு மேஸ்டாருவிடம் (இங்கே வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தலைமையாசிரியரிடம் பேசி, "வாங்க சார், பின்னாடி உக்காந்து பாருங்க. பேசாம இருக்கணும், அது ஒண்ணுதான் கண்டிஷன்" என்றார். என் தெலுங்கு, விண்ணப்பப் படிவங்களைப் படித்துப் படித்து வந்த தெலுங்கு. எட்டாம் வகுப்புக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் நாள் என் பக்கத்தில் இரண்டு பெண்கள். பி.எட். மாணவிகள். கையில் ஆளுக்கொரு அப்சர்வேஷன் ரெக்கார்டு. கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. பாடத்தை எப்படி அறிமுகம் செய்தார், முன்னறிவைச் சோதித்தாரா, கரும்பலகையை எப்படிப் பயன்படுத்தினார், எத்தனை கேள்வி கேட்டார், கடைசியில் தொகுத்துச் சொன்னாரா. நானும் ஒரு பழைய டைரியில் அதே மாதிரி கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். நாற்பத்தைந்து நிமிஷம் மேஸ்டாருவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதினோரு கேள்வி, வரைபடம் இரண்டு தடவை, சாக்பீஸ் உடைந்தது ஒரு தடவை. பிராஞ்ச் ஆடிட் பண்ணுகிற மாதிரி பண்ணிவிட்டு வந்தேன்.

அன்றைய பாடம் கம்பெனி ஆட்சி எப்படிப் பரவியது என்பது. மைசூர்ப் போர்கள், ஹைதர் அலி, திப்பு சுல்தான். மேஸ்டாரு நன்றாகத்தான் நடத்தினார். மணி அடித்ததும் ஒரு பையன் என்னிடம் வந்தான். நான் பக்கத்துப் பெண்ணிடம் தமிழில் ஏதோ கேட்டதைக் கவனித்திருக்கிறான். வீட்டில் தமிழ் பேசுகிற பையன். சித்தூரில் இப்படி நிறையப் பேர் உண்டு. வீட்டில் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது.

"சார், ஹைதர் அலி நம்மூருகிட்டதான் செத்தாராமே? நரசிங்கராயன்பேட்டைல. எங்க பெரியம்மா ஊரு அது. பெரியப்பா சொல்வாரு."

அவன் சொன்னது நிஜம். 1782 டிசம்பர் 7ல் ஹைதர் அலி இறந்தது சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில்தான். முதுகில் ராஜபிளவை. திப்பு அப்போது மேற்குக் கடற்கரைப் பக்கம் சண்டையில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை படை கலைந்துவிடக் கூடாது என்பதற்காக மரணத்தை மறைத்தார்கள். உடலை முதலில் கோலாருக்குக் கொண்டுபோய், பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்தார்கள். இந்தியச் சரித்திரத்தின் ஒரு பெரிய திருப்பம், அந்தப் பையன் லீவுக்குப் போகிற பெரியம்மா ஊரில் நடந்திருக்கிறது.

"கிளாஸ்ல ஏம்ப்பா சொல்லல?"

"கேக்கலையே சார்."

டைரியைத் திறந்து பார்த்தேன். பதினோரு கேள்வி என்று எழுதியிருந்தேன். அந்தப் பையன் எந்த வரிசையில் இருந்தான் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அதில் இருந்த நாற்பது பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

*

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தக் கடைசி பெஞ்சுக்கே ஒரு சரித்திரம் இருக்குமே என்று தோன்றியது. இருக்கிறது. அதுவும் நம்ம சென்னையில் ஆரம்பிக்கிறது.

ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787ல் சென்னைக்கு வந்தார். 1789ல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதைத் தன் விடுதியில் செய்யச் சொன்னார். அங்கிருந்த வாத்தியார்கள் ஒத்துழைக்கவில்லை. சரி போங்கள் என்று எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அவனையே சொல்லிக்கொடுக்க வைத்தார். படித்த பையன் படிக்காத பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது. நம்ம ஊர்ச் சட்டாம்பிள்ளை சமாச்சாரம்தான்.

1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை' என்று ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 1811க்குப் பிறகு தேவாலயம் சார்ந்த பள்ளிகள் இந்த முறையில் ஏராளமாகத் தொடங்கப்பட்டன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் ஒரு பள்ளி எழுந்தது. அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ். இன்றைக்கும் அதே பெயரில்தான் நடக்கிறது!

ஒரு வாசல் வழியாகப் பார்த்த ஒரு காட்சிக்கு இவ்வளவு பலன். ஆனால் யோசித்துப் பாருங்கள், பெல் அங்கே என்ன பார்த்தார்? காகிதம் வேண்டாம், மை வேண்டாம், சம்பளத்துக்கு ஆள் வேண்டாம். குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகள். அவர் கையில் அநாதைப் பிள்ளைகள் நிறைய, பணம் கொஞ்சம். எனவே அதுதான் அவர் கண்ணில் பட்டது. அந்தத் திண்ணையில் என்ன பாடம், எந்தக் கதை, எந்தக் கணக்கு என்பதெல்லாம் கப்பல் ஏறவில்லை. மணல் மட்டும் ஏறியது.

அடுத்து வந்தவர் தாமஸ் மன்றோ. திருப்பதிக்காரர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டாம். திருமலையில் பொங்கல் நைவேத்தியம் செய்கிற பாத்திரத்துக்கு மன்றோ கங்காளம் என்று பெயர் உண்டு, அவர் ஏற்படுத்திய கட்டளை என்பார்கள். 1820 முதல் 1827ல் காலரா வந்து இறக்கும்வரை சென்னை மாகாண கவர்னர். 1822ல் எல்லா கலெக்டர்களுக்கும் உத்தரவு போட்டார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி, ஆண் எத்தனை பெண் எத்தனை என்று கணக்கு அனுப்புங்கள். படிவமும் கூடவே போனது. (தலைமை அலுவலகம் ஸ்டேட்மென்ட் கேட்பது அன்றே ஆரம்பித்துவிட்டது. கன்னட ஜில்லாவிலிருந்து மட்டும் எண்ணிக்கை வரவில்லை. அப்படி ஒரு பிராஞ்ச் எல்லா வட்டாரத்திலும் உண்டு!)

1826ல் மன்றோ தொகுத்துச் சொன்ன கணக்கு இது. மாகாணத்தில் 12,498 பள்ளிகள். படிப்பவர்கள் 1,88,650 பேர். மக்கள்தொகை சுமார் ஒரு கோடியே இருபத்தெட்டரை லட்சம். அதாவது 67 பேருக்கு ஒருவர். படிப்பவர்களில் பெண்கள் வெறும் 4,540. வீட்டிலேயே படிக்கிற பையன்களையும் சேர்த்தால் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் படித்தவர்கள் இருப்பார்கள் என்று அவரே மதிப்பிட்டார். ஜில்லாவுக்கு இரண்டு, தாசில்தாருக்கு ஒன்று என்று பள்ளிகள் வைக்க வேண்டும், ஜில்லாப் பள்ளி வாத்தியாருக்கு மாதம் பதினைந்து ரூபாய், தாசில்தாரிப் பள்ளி வாத்தியாருக்கு ஒன்பது ரூபாய், வாத்தியார்களைப் பழக்க சென்னையில் ஒரு பள்ளி என்று திட்டமும் போட்டார்.

இந்த அறிக்கைகளை தரம்பால் 1983ல் மொத்தமாகப் புத்தகமாக்கி வெளியிட்ட பிறகு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நம் நாட்டில் கல்வி எப்படி இருந்தது என்ற சண்டையில் ஆளாளுக்கு இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை. எனக்குப் பட்டது ஒன்றுதான். மன்றோ கவர்னர், அவருக்கு எண்ணிக்கை தேவைப்பட்டது, எண்ணினார். அந்த 4,540 பெண்பிள்ளைகளில் ஒருத்தி கூட என்ன கேள்வி கேட்டாள் என்பதற்குக் கட்டம் கிடையாது.

அதற்குப் பிறகு முறையான பயிற்சி வந்தது. 1856ல் சென்னையில் அரசாங்க நார்மல் பள்ளி தொடங்கியது. அதுதான் பின்னால் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. வாத்தியார் ஆக விரும்புகிறவன் முதலில் இன்னொருவர் நடத்துவதை உட்கார்ந்து கவனிக்க வேண்டும், பிறகு தான் நடத்த வேண்டும், மற்றவர்கள் உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரிகளின் வழக்கமாக நிலைத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் ரெக்கார்டு நோட்டு அந்த வழியில் வந்ததுதான். 2014க்குப் பிறகு பி.எட். படிப்பு இரண்டு வருஷம் ஆனபோது பள்ளியில் இருக்க வேண்டிய வாரங்களும் கூடின.

சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்துப் பிள்ளை. 1888 செப்டம்பர் 5ல் திருத்தணியில் பிறந்தவர். 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். பிறகு வேலூர், பிறகு சென்னை. 1909ல் மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவர். ராதாகிருஷ்ணன் என்று சொன்னால் போதும், 1962 முதல் அவர் பிறந்த நாளைத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அவர் பிறந்த ஊரின் கதையே ஒரு சமூக அறிவியல் பாடம். அவர் பிறந்தபோது திருத்தணி வடஆற்காடு ஜில்லா, அதன் தலைநகர் சித்தூர். 1911 ஏப்ரல் 1ல் சித்தூர் தனி ஜில்லா ஆனது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூரோடு சேர்ந்து அங்கே போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பட்டாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் (அன்றைக்கு சென்னை மாநிலம்) வந்தது. பதிலுக்கு செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. 2022 ஏப்ரல் 4ல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. சத்தியவேடு இப்போது அதில். யாரும் வீட்டை விட்டு நகரவே இல்லை, கோடு மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம்ம பையன் தமிழ் பேசி தெலுங்கு படிப்பதற்கும் இந்தக் கோடுதான் காரணம்.

'சமூக அறிவியல்' என்ற பாடமே பிற்பாடு வந்ததுதான். சரித்திரம், பூகோளம், குடிமையியல் என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் யோசனை 1916ல் அமெரிக்காவில் ஒரு கல்விக் குழுவின் அறிக்கையில் வலுப்பெற்றது. நம் நாட்டில் 1952ல் அமைத்து 1953ல் அறிக்கை கொடுத்த இடைநிலைக் கல்விக் குழு அதைப் பரிந்துரைத்தது. தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார். தன்னைச் சுற்றி இருக்கிற சமூகத்தைப் பிள்ளை புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இங்கே தெலுங்கில் சாங்கிக சாஸ்திரம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும், சுற்றி இருப்பது என்பதில் பெரியம்மா ஊரும் அடக்கம்தானே?

*

அடுத்த நான்காம் சனிக்கிழமை இடத்தை மாற்றி உட்கார்ந்தேன். பெஞ்சைச் சுவர் ஓரமாகக் குறுக்கே போட்டுக்கொண்டேன். மேஸ்டாருவின் முதுகும் பிள்ளைகளின் முகமும் தெரிகிற மாதிரி. வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. கேள்வி கேட்டதும் கை தூக்குகிறவர்கள் எப்போதும் அதே ஆறேழு பேர். மற்றவர்கள் மேஸ்டாருவின் கண் எங்கே போகிறது என்று பார்த்துத் தலையைக் குனிகிறார்கள். சிலருக்குப் பதில் தெரிகிறது, உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. நம்ம பையன் அந்த ரகம்.

பாடம் முடிந்து டீக்கடையில் மேஸ்டாருவிடம் ஹைதர் அலி விஷயத்தைச் சொன்னேன். குறை சொல்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அட, எனக்குத் தெரியும் சார். முப்பது வருஷமா தெரியும். போர்ஷன் முடிக்கணுமேன்னு ஓடுறதுல அதைச் சொல்றதையே விட்டுட்டேன்" என்றார்.

அடுத்த மாதம் போனபோது தாமலசெருவிலிருந்து பாடத்தை ஆரம்பித்தார். இந்தப் பக்கம் தாமலசெருவு என்றால் எல்லோருக்கும் மாங்காய் மண்டி ஞாபகம் வரும். 1740 மே மாதம் அந்தக் கணவாயில்தான் ஆற்காடு நவாப் தோஸ்த் அலி மராட்டியப் படையிடம் தோற்று உயிரை விட்டார். அதற்குப் பிறகு வந்த வாரிசுச் சண்டையில்தான் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஆளுக்கொரு பக்கம் நுழைந்தார்கள். "தாமலசெருவு யார் போயிருக்கீங்க?" என்று மேஸ்டாரு கேட்டதும் பாதி வகுப்பு கை தூக்கியது. நம்ம பையனும் தூக்கினான். மாங்காய் லோடு ஏற்றிப் போன லாரியில் சித்தப்பாவோடு போனானாம். கணவாய் எப்படி வளைகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். தெலுங்கில்தான் சொன்னான், நடுவில் இரண்டு தமிழ் வார்த்தை விழுந்தது, யாரும் சிரிக்கவில்லை.

*

அதற்குள் எனக்குத் திருப்பதிக்கு மாற்றல் வந்துவிட்டது. சித்தூர் மேஸ்டாரு தன் பழைய சிநேகிதர் ஒருவரிடம் சொல்லிவைத்தார். அவர் பள்ளி, திருப்பதிக்கு வெளியே சந்திரகிரி போகிற பக்கம். அங்கேயும் கடைசி பெஞ்ச், அங்கேயும் இரண்டு பி.எட். மாணவிகள். மூன்று மாதம் கழித்து அந்த மேஸ்டாரு, "பார்த்தது போதும் சார். விஜயநகரம் பாடம் நடக்குது. இருபது நிமிஷம் நீங்க எடுங்க" என்றார்.

ஒரு மாதம் தயார் பண்ணினேன். பி.காம்காரனுக்கு ஏற்ற விஷயமும் மாட்டியது. திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். 1931 முதல் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. பெரும்பாலானவை தமிழில் இருப்பவை. பர்ட்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இவற்றை வைத்து 1960ல் ஒரு கட்டுரை எழுதினார். கோயிலின் பொருளாதார வேலை என்ன என்பது பற்றி.

அதன் சாரம் இது. விஜயநகர காலத்தில் பக்தர்கள் கோயில் பண்டாரத்தில் பணம் கட்டுவார்கள். தன் பெயரில் இன்ன நாளில் இன்ன நைவேத்தியம் நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. கோயில் அந்தப் பணத்தைச் சும்மா பூட்டி வைக்காது. கோயிலுக்குச் சொந்தமான கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவழிக்கும். தண்ணீர் வந்தால் விளைச்சல் கூடும். கூடின விளைச்சலில் வருகிற வருமானத்தில் நைவேத்தியம் நடக்கும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு பணம் கட்டினவருக்கு. கல்வெட்டில் அதற்கு அழகான தமிழ்ப் பெயர், 'விட்டவன் விழுக்காடு'.

முதல் தடவை படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. டெபாசிட், முதலீடு, வருமானம், டிவிடெண்டு எல்லாமே இருக்கிறதே! ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே எங்கள் தொழில் திருமலையில் நடந்திருக்கிறது.

வகுப்பில் போய் நின்றேன். கரும்பலகையில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தேன். கிருஷ்ணதேவராயர் 1513க்கும் 1521க்கும் நடுவில் ஏழு தடவை திருமலைக்கு வந்ததைச் சொன்னேன். பண்டாரத்தை பேங்க் என்றேன், பிரசாதப் பங்கை டிவிடெண்டு என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சரி, வாத்தியார் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன் :-)

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், கால்வாயை யாரு வெட்டினாங்க?"

"கோயில்ல பணம் கொடுத்து வெட்ட வெச்சாங்கம்மா."

"அது சரி சார். வெட்டினது யாரு? அவங்களுக்கு என்ன கூலி? அவங்களுக்கும் பிரசாதத்துல பங்கு உண்டா?"

கையில் இருந்த குறிப்பைப் பார்த்தேன். பணம் கட்டினவர் பெயர் இருந்தது, எவ்வளவு பணம் என்று இருந்தது, எந்தக் கிராமம், என்ன நைவேத்தியம், யாருக்கு எவ்வளவு பங்கு எல்லாம் இருந்தது. மண்வெட்டி பிடித்தவர் பற்றி நான் எழுதிக்கொண்டு போன குறிப்பில் ஒரு வரி கிடையாது. ஒரு மாதமாகப் படித்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"கல்லுல அவங்க பேரு எழுத மாட்டாங்களா சார்?"

"பணம் கொடுத்தவங்கதான் எழுதி வெச்சாங்க. அவங்களுக்கு வேண்டியதை எழுதினாங்க."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பிறகுதான் மேஸ்டாரு சொன்னார். அவள் அம்மா ஏரி தூர்வாரும் வேலைக்குக் கூலிக்குப் போகிறவர். வேலை நடந்த இடத்தில் வைக்கிற போர்டில் எவ்வளவு தொகை ஒதுக்கினார்கள் என்று எழுதியிருக்கும், யார் வேலை செய்தார்கள் என்று எழுதியிருக்காது. அந்தக் கூலி வருவது எங்கள் வங்கிக் கணக்கில். அந்த அம்மா பணம் எடுப்பது எங்கள் கவுண்டரில். வாரா வாரம் அந்த வரிசையைக் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்க்கிற ஆள் நான்தான்.

பெல் பாதிரியார் செலவைப் பார்த்தார், மன்றோ எண்ணிக்கையைப் பார்த்தார் என்று மேலே எழுதினேன் அல்லவா? நான் பார்த்தது வட்டிக் கணக்கு. அவனவன் தொழில் அவனவன் கண்ணில் கண்ணாடி மாதிரி மாட்டியிருக்கிறது. அந்தப் பெண்ணும் தன் வீட்டுத் தொழிலை வைத்துத்தான் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமென்றால் திரும்பவும் எல்லாத் தொகுதிகளையும் புரட்ட வேண்டும், அந்தக் கிராமங்களுக்கும் போக வேண்டும்.

வெளியே வரும்போது மேஸ்டாரு இரண்டு குறை சொன்னார். "போர்டைப் பார்த்து நாலு தடவை பேசினீங்க சார், பிள்ளைங்களைப் பார்த்துப் பேசணும். இன்னொண்ணு, அந்தப் பொண்ணு கேட்டதை எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் திருப்பி விட்டிருக்கணும். அங்க இன்னும் நாலு பேருக்குப் பதில் பாதி தெரிஞ்சிருக்கும்." பி.எட். பெண்கள் இரண்டு பேரும் ரெக்கார்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன், மூடிக்கொண்டார்கள்.

விருப்ப ஓய்வு விண்ணப்பம் மேசை டிராயரில்தான் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மகள் காலேஜ் சேர வேண்டும், வீட்டுக்கடன் கொஞ்சம் பாக்கி, அதெல்லாம் ஒரு பக்கம். நிஜக் காரணம், எனக்கு இன்னும் பயிற்சி போதவில்லை. போன திங்கட்கிழமை கூலிப் பணம் எடுக்கிற வரிசையில் இருந்த ஒரு பெரியவரிடம் அவர் ஊர் ஏரியை யார் வெட்டினது என்று கேட்டேன். தன் பாட்டன் சொன்ன ஒரு கதையைச் சொன்னார். பத்து நிமிஷம் ஆனது. பின்னால் நின்றவர்கள் கோபப்படவில்லை, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வருகிற நான்காம் சனிக்கிழமை மேஸ்டாரு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் அவரவர் ஊர் ஏரி, குளம், கால்வாயை யார் வெட்டினது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். அதைத் தொகுத்து எழுதுவது என் பொறுப்பு. இந்தத் தடவை டைரியில் கோடு போட்டுக்கொண்டு போகப் போவதில்லை, வெறும் தாள்தான்.

உங்கள் பள்ளியில் சரித்திர வகுப்பில் நீங்கள் கேட்க நினைத்து, கேட்காமல் விட்ட கேள்வி ஏதாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்களேன்.

டிஸ்கி: பள்ளிகள், ஆசிரியர்கள், பிள்ளைகள் பெயரைச் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான். யாரும் கேட்க வேண்டாம், ப்ளீஸ்.